கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்ட ஒரு கேள்வி!

"ஸ்கேன் ரிப்போர்ட்ல 'டெர்மாய்டு சிஸ்ட், 7 செ.மீ'னு போட்டிருக்குடி. கூகுள்ல தேடவே பயமா இருக்கு."

ராத்திரி பன்னிரண்டரைக்கு என்னை எழுப்பிச் சொன்னாள் என் ரூம்மேட். வயது 24. இரண்டு மாதமாக இடது அடிவயிற்றில் வலி. பீரியட்ஸ் வலிதான் என்று மாத்திரை போட்டுச் சமாளித்து வந்தவள்.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் போட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடலையே?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். வலியைப் பற்றி அப்புறம்தான். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என்ற ஒரே வார்த்தைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே இல்லை. முழுதாக வளராத, சில மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைப்பைகள். மாதவிலக்குச் சுழற்சியில் உருவாகும் சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். 'சாக்லேட் சிஸ்ட்' எனப்படுவதில் பழைய ரத்தம் தேங்கியிருக்கும். டெர்மாய்டு வேறு ரகம். உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். ("பல்லா?" என்று அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.) பெரும்பாலும் இது புற்றுநோய் இல்லை. ஆனால், தானாகக் கரையாது.

கட்டி பெரிதானால் சினைப்பை முறுக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சினைப்பையையே இழக்க நேரிடும்.

இவளுக்கு லேப்ராஸ்கோபி என்று முடிவானது. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. பாதி நாளைத் தின்றது மூக்குத்திதான். திருகு இறுகிப்போய், நகைக்கடையில் கொடுத்துக் கழற்றினோம். மெட்டி, வளையல், நெயில் பாலிஷ் எதுவும் கூடாது. தினமும் போடும் மாத்திரைகளோடு சித்த மருந்து, நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சில் டிக். அப்பா பேனாவையே திறந்துவிட்டார். இவள் வாங்கிப் படித்தாள். 'தேவைப்பட்டால் சினைப்பையை அகற்றவும் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி.

"எப்ப தேவைப்படும், டாக்டர்?"

டாக்டர் உட்கார்ந்து படம் வரைந்தே காட்டினார். பொதுவாகக் கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிட்டு சினைப்பையை விட்டுவிடுவார்களாம். ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, நல்ல திசு மிஞ்சாவிட்டாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் வந்தாலோதான் முழுதாக எடுப்பது. ஒன்று போனாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிலக்கும் வரும், குழந்தையும் பிறக்கும். அதையெல்லாம் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டாள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டெல்லியில் 1995-ல் நடந்த ஒரு சம்பவம். லேப்ராஸ்கோபிக்காக மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உடனடியாக உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த பெண்ணுக்காக அம்மா சம்மதம் கொடுக்க முடியாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது.

இவளுக்குக் கட்டி மட்டும்தான் எடுக்கப்பட்டது. சின்னச் சின்னதாக மூன்று தழும்பு. மறுநாள் தோள்பட்டை வலித்ததும் 'ஹார்ட்டா இருக்குமோ' என்று பயந்துவிட்டாள். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் வரும் வலியாம், இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அதை அம்மா பீரோவில் ஜாதகக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. "நானே சொல்லிக்கிறேம்மா" என்கிறாள் இவள்.