அனுபவமும் ஒரு சுமையோ?

பொஸ்ரன் நகரிலே 2004 யூலையில் நடந்த சனநாயகக் கட்சி மகாநாட்டில், இலினோய் மாநில மேற்சபை உறுப்பினர் ஒருவர் பேசினார். வயது 42. சனாதிபதி பதவிக்கு உரியவர் இவரே என்ற பேச்சு விரைவிலேயே எழுந்தது. அவ்வாண்டே செனற் சபைக்குத் தெரிவான பராக் ஒபாமா, 2008 இல் போட்டியிடேன் என்றே சொல்லிவந்தார். 2006 ஒக்டோபரிலே அவ்வுறுதி தளர்ந்தது.

அனுபவம் போதாதென்றனர் பலர். (காங்கிரசில் ஈராண்டே இருந்த ஆபிரகாம் லிங்கனை இவர்கள் என் செய்வரோ!) ஆயின், ஈராக் போருக்கு அனுமதியளித்து 2002 இல் செனற் சபையில் வாக்களித்த கிலாரி கிளின்ரன் அம்மையாரை, அவ்வாக்கே தேர்தற்களத்தில் விடாது துரத்தியது. அவ்வாண்டு சிக்காகோவிலே அப்போரைக் கண்டித்துப் பேசிய ஒபாமாவோ, வாக்களிக்கவேண்டிய இடத்திலேயே இருக்கவில்லை. துணிவென்பதா, அதிர்ஷ்டமென்பதா? நாம் இரண்டுமென்போம்.