லஞ்சத்தின் நிழலில் சூரிய மின்சாரம்

2025 ஜூனில், இந்தியாவின் நிறுவப்பட்ட மின் உற்பத்தித் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாக மாறியது. 2030க்கான இலக்கை ஐந்தாண்டுகள் முன்னரே எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு பெருமைப்பட்டுக் கொண்டது. எனினும், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னமும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. கரிம உமிழ்வைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கணக்குதான்.

சூரியன் மறைந்த பின்னரும் மின்சாரம் தேவை. அதற்குச் சேமிப்புக் கட்டமைப்பும் மின்தொடர்ப் பாதைகளும் வேண்டும்; அவற்றுக்குப் பெரும் பொது முதலீடு வேண்டும். ஆனால் மாநில மின் விநியோகக் கழகங்கள் கடனில் மூழ்கியுள்ளன. ஊழல் உமிழ்வுப் பிரச்சனையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

2020இல் இந்திய சூரியசக்திக் கழகம் 12,000 மெகாவாட் திட்டத்தை இரு தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. அதில் 8,000 மெகாவாட் அதானி குழுமத்துக்கு. விலை அதிகம் என்பதால் மாநிலங்கள் வாங்கத் தயங்கின. அவற்றை இணங்கச் செய்ய இந்திய அதிகாரிகளுக்கு 25 கோடி டாலருக்கும் மேல் லஞ்சம் தர உறுதியளிக்கப்பட்டது என்பது, 2024 நவம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பு சுமத்திய குற்றச்சாட்டு. அதானி குழுமம் இதனை மறுத்தது. நீதிமன்றத்தில் இது நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால், நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கையை மோடி அரசு ஏற்க மறுத்தது ஏன்?

இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டுகள் நீடிப்பவை. லஞ்சத்தால் விலை உயர்ந்தால், ஒரு தலைமுறைக் காலம் அதைச் சுமப்போர் வீட்டு நுகர்வோரும் விவசாயிகளும்தான். சேமிப்புக்குச் செல்ல வேண்டிய பணம் கூட்டுக்களவாணி முதலாளித்துவத்தின் கருவூலத்துக்குச் செல்லும்; அனல் மின் உலைகள் அணையாது எரியும்.

வர்த்தக விதிகளும் இதே திசையில்தான் அழுத்துகின்றன. உள்நாட்டில் தயாரான சூரியத் தகடுகளையே பயன்படுத்த வேண்டும் என்ற இந்தியாவின் நிபந்தனையை எதிர்த்து அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2016இல் உலக வர்த்தக அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம், உருக்கு, அலுமினியம், சிமெண்ட் இறக்குமதிகள் மீது 2026 ஜனவரி முதல் எல்லைக் கரிம வரியை நடைமுறைப்படுத்துகிறது. வரலாற்றில் அதிகம் உமிழ்ந்தோர் வரி வசூலிக்கின்றனர். உமிழ்வைக் குறைக்கும் தொழில்நுட்பத்துக்கு அந்த வருவாயிலிருந்து இந்தியாவுக்குப் பங்கு இல்லை.

இதனால் புதுப்பிக்கத்தக்க ஆற்றலையே கார்ப்பரேட் சூழ்ச்சி என ஒதுக்குவது பிழை. வெப்ப அலையில் முதலில் சாய்பவர் கட்டுமானத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியுமே. சூரிய ஒளி மீது குற்றமில்லை. குற்றம் உடைமை உறவில் உள்ளது.

எனவே, மின் கொள்முதல் ஒப்பந்தங்கள் அனைத்தும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சேமிப்பையும் மின்தொடர்ப் பாதைகளையும் பொதுத்துறையே அமைக்க வேண்டும். நிலக்கரித் தொழிலாளருக்கு மாற்று வேலை உறுதி செய்யப்பட வேண்டும். தொழிற்சங்க மேடைகளிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் மின் கட்டணத்தோடு சேர்த்து எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள் இவை.