தீர்ப்புக்குப் பின் ஒரு நாற்காலி

உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நாலடி நிலத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருகிறார். இரண்டு பக்கமும் கேட்கிறார், பத்திரத்தைப் பார்க்கிறார். நிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெரிய மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று நீங்களும் மனசைத் தேற்றிக்கொள்கிறீர்கள். நாலு மாசம் கழித்துப் பார்த்தால், அந்தப் பெரியவர் பக்கத்து வீட்டுக்காரரின் ரைஸ் மில்லில் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சொன்ன தீர்ப்பு நூத்துக்கு நூறு நியாயமாகவே இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா?

இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அரசாங்கம். நாட்டிலேயே அதிக வழக்குகளில் சம்பந்தப்பட்ட பார்ட்டி அதுதான். நில ஆர்ஜிதமா, வரியா, பென்ஷனா, கைதா, எதிலும் எதிர்த்தரப்பில் அரசு நிற்கும். அந்த அரசின் கையில்தான் ஓய்வு பெறும் நீதிபதிக்குக் கொடுக்கப் பதவிகள் இருக்கின்றன. ஆளுநர், எம்.பி., கமிஷன் தலைவர், தீர்ப்பாயத் தலைவர் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு.

ரஞ்சன் கோகோய் தலைமை நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றது 2019 நவம்பர் 17. அயோத்தி தீர்ப்பு வந்தது அதற்கு எட்டு நாள் முன்பு. 2020 மார்ச்சில் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நடுவே நாலு மாசம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஓய்வுக்குப் பிந்தைய நியமனங்கள் நீதித்துறையின் சுதந்திரத்துக்கு ஒரு வடு என்ற கருத்து இருப்பதை 2019 மார்ச்சில் விசாரணையின்போது சுட்டிக்காட்டியதே அவர் தலைமையிலான அமர்வுதான்!

அப்துல் நசீர் ஓய்வு பெற்றது 2023 ஜனவரி 4. அதற்கு இரண்டு நாள் முன்பு, பணமதிப்பிழப்பு செல்லும் என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்த அமர்வுக்கு அவர்தான் தலைவர். அயோத்தி அமர்விலும் இருந்தவர். பிப்ரவரியில் ஆந்திர ஆளுநர் ஆகிவிட்டார்.

‘ஓஹோ, பி.ஜே.பி.யைத் திட்டுகிறார்’ என்று காங்கிரஸ் நண்பர்கள் கைதட்ட வேண்டாம். இந்தக் கடையைத் திறந்து வைத்தவர்களே நீங்கள்தான். 1952-லேயே உச்ச நீதிமன்றத்திலிருந்து ஃபசல் அலி ஒரிசா ஆளுநராகப் போனார். பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து, நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் வரை போனவர். 1982 டிசம்பரில் பீகார் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்குச் சாதகமான தீர்ப்பில் இருந்தார். 1983 ஜனவரியில் பதவியை ராஜினாமா செய்து காங்கிரஸ் வேட்பாளராகி, அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போய்விட்டார். 1984 சீக்கியர் படுகொலையை விசாரித்து, கட்சிக்குப் பொறுப்பில்லை என்ற ரங்கநாத் மிஸ்ரா, பிறகு தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, 1998-ல் காங்கிரஸ் எம்.பி. ஆனார்.

2012-ல் எதிர்க்கட்சியில் இருந்தபோது, ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகளை ஓய்வுக்குப் பிந்தைய வேலை பாதிக்கிறது என்று முழங்கியவர் அருண் ஜேட்லி. இரண்டு வருஷ இடைவெளி வேண்டும் என்றார் நிதின் கட்கரி. 2014 மே மாதம் ஆட்சி கைக்கு வந்தது. செப்டம்பரில், ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றிருந்த நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரர் சதாசிவம் கேரள ஆளுநர் ஆனார். ஆளுநரான முதல் முன்னாள் தலைமை நீதிபதி அவர். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொள்கை, ஆளுங்கட்சியானால் சௌகரியம்.

இவர்களெல்லாம் பதவிக்காகத்தான் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிக்க என்னால் முடியாது. பிரச்னையே அதுதான். இல்லை என்று நிரூபிக்க அவர்களாலும் முடியாது. நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது, கஜானா கிடையாது. ஜனங்களின் நம்பிக்கை ஒன்றுதான் அதன் மூலதனம். அதில் கை வைத்தால் மிச்சம் என்ன? வெறும் கட்டடமும் கறுப்பு கோட்டும்தான்.

அரசியல் சாசனம் எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். நீதிபதிகள் அரசு பதவிக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. கோர்ட்டுக்கு வருபவை பெரும்பாலும் குடிமகனுக்கும் குடிமகனுக்கும் இடையிலான வழக்குகள், அரசுக்கு அதில் அக்கறை இருப்பது அபூர்வம் என்பது அவர் வாதம். 1949-க்கு அது சரி. இன்றைக்கு எந்தக் கோர்ட் வராந்தாவிலும் அரை மணி நேரம் நின்று பாருங்கள், நிலைமை எப்படித் தலைகீழாகிவிட்டது என்று தெரியும்.

அதே சாசனம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் விஷயத்தில் கறாராக இருக்கிறது. பதவி முடிந்தபின் மத்திய, மாநில அரசுகளில் எந்த வேலையும் கூடாது என்கிறது 148-வது பிரிவு. யு.பி.எஸ்.சி. தலைவருக்கும் அதே கதிதான். கணக்குப் பார்ப்பவருக்கு உள்ள கட்டுப்பாடு, தலையெழுத்தை எழுதுபவருக்கு வேண்டாமா?

1958-ல் சட்டக் கமிஷனும் இந்தத் தடையைப் பரிந்துரைத்தது. அந்தக் கமிஷனில் உறுப்பினராக இருந்த நீதிபதி எம்.சி.சாக்ளா அதே ஆண்டு அமெரிக்கத் தூதராகப் போனார். பரிந்துரைக்கு அப்போதே அவ்வளவுதான் மரியாதை!

அனுபவசாலிகளை 65 வயதில் வீட்டில் உட்கார வைப்பது வீண் இல்லையா என்று கேட்பார்கள். தீர்ப்பாயங்களுக்கு நீதிபதிகள் வேண்டாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வழி இருக்கிறது. ஆளுநர், எம்.பி., தூதர் பதவிகளுக்கு ஒரேயடியாகத் தடை போடுங்கள். நீதித்துறை சார்ந்த பதவிகளுக்கு இரண்டு வருஷ இடைவெளி வையுங்கள். அவற்றுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அரசின் கை ஓங்காமல் பாருங்கள். அனுபவம் வீணாகிறதென்றால் ஓய்வு வயதைக் கூட்டுங்கள். ஓய்வூதியம் போதவில்லையென்றால் முழுச் சம்பளத்தையே கொடுங்கள். ஒரு மேம்பாலத்துக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

2023-ல் இரண்டு வருஷ இடைவெளி கேட்டு ஒரு வழக்கு வந்தது. பதவியை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நீதிபதியின் நல்லறிவைப் பொறுத்தது என்ற ரீதியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நல்லறிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள்தான். 2025-ல் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர்.கவாய் இருவருமே, ஓய்வுக்குப் பின் அரசு பதவி எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அவர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால், தனி மனிதர்களின் பெருந்தன்மையை நம்பி ஒரு குடியரசை நடத்த முடியாது. பெருந்தன்மை உள்ளவருக்குச் சட்டம் தேவையில்லை. மற்றவர்களுக்காகத்தானே சட்டமே?

அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் வாசலுக்கு வருவார். ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள். ‘இது படிச்சவங்க விவகாரம், நமக்கெதுக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நாலடி நிலம் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகும்போது, எதிரே நிற்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, அரசாங்கம். மேலே உட்கார்ந்திருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ரைஸ் மில்லையும் பார்க்காமல் எழுதினால் போதும்.