பலெர்மோவுக்குப் பயணம்

முன்னாளில் மானிப்பாயிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோர் பலர் பென்சனுடன் திரும்பிவந்து கல்வீடு கட்டினர். இக்காலத்துப் பயணம் அத்தகையதன்று. அயல்வீட்டு மருமகள் அடுத்த மாதம் இரு குழந்தைகளுடன் கணவனிடம் செல்கிறாள். ஊர், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ. 1983க்குப் பின் நம்மவர் பலர் குடியேறிய மத்தியதரைக் கடற்கரைப் பட்டினம்.

“அங்கை கோயில் இருக்கோ, தம்பி?” என்றார் மாமியார்.

பெல்லெக்ரினோ மலைக்குகையில் புனித ரொசாலியாவின் ஆலயம் உண்டு. 1624இல் பரவிய கொள்ளைநோயினின்று நகரைக் காத்தவள் அவளென்பது அவ்வூரார் நம்பிக்கை. நம் சைவர்களும் மலையேறி வணங்குகின்றனர் என்றேன்.

“மலையிலை இருக்கிறவ அம்மன்தானே!”

குழந்தைகளின் தமிழைப் பற்றியே எனக்குக் கவலை. அதை நான் சொல்லவில்லை.

“நீங்களும் போகலாமே?”

“வருஷப்பிறப்புக்கு மருதடியான் தேரை ஆர் பாக்கிறது?” என்றவர், முற்றத்திற் கிடந்த பேரனின் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.