ஹேட்ச் மேல் பழி போடாதீர்கள்

வரைபட வேலையில் இருக்கிற என் பழைய மாணவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், வீடு கட்டுகிறவர்கள்தானே எல்லோரும்.

"ஃபைல் ரொம்ப கனமா இருந்துச்சு சார், ஹேட்சை எடுத்துட்டு அனுப்பிட்டேன்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சுவர், கான்கிரீட், மண் என்று பிரித்துக் காட்டத்தான் அந்தக் கோடும் புள்ளியும். அதை எடுத்துவிட்டால் வெட்டுத்தோற்றத்தில் செங்கல் எது, கான்கிரீட் எது? அப்படி வந்த ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு மேஸ்திரி அரை நாள் வேலையை நிறுத்தினார். அந்தக் கூலியை அனுப்பியவரா கொடுத்தார்?

குற்றம் ஹேட்சில் இல்லை, எக்ஸ்ப்ளோடில் இருக்கிறது.

ஆட்டோகேட் ரிலீஸ் 14 வந்தது 1997-இல். அதற்கு முன்பு ஹேட்சின் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக ஃபைலில் ஏறியது. அன்றைக்குப் பயந்தது நியாயம். பிறகு அப்படி இல்லை. எல்லை, பேட்டர்ன், ஸ்கேல், சாய்வு, இவ்வளவுதான் சேமிப்பில். கோடுகளை மென்பொருள் திரையில் போட்டுக்கொள்ளும். "இதை 100 தடவை எழுது" என்று உங்கள் நோட்டில் நான் எழுதியது ஒரு வரிதான். எழுதி முடித்த பிறகுதானே நோட்டு தீர்ந்தது! எக்ஸ்ப்ளோட் கொடுப்பது அந்த 100 தடவையையும் எழுதுவது.

கணக்கே போடுவோம். 6 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 45 பாகை சாய்கோடு, 10 செ.மீ. இடைவெளி. சுமார் 70 கோடு. இடைவெளி 1 செ.மீ. என்றால் 700. ஹேட்சாக இருக்கிறவரை இரண்டுக்கும் ஃபைல் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். உடைத்தால் 700 தனிக்கோடுகள், ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு, லேயர். மணல் புள்ளி பேட்டர்னை உடைத்தால் கேட்கவே வேண்டாம். சுவரை நகர்த்தினாலும் அந்தக் கோடுகள் கூட வராது. மூலையில் ஒரு கோடு கோணலாகத் தெரிகிறது என்பதற்கா இவ்வளவும்?

"திரை நகரவே மாட்டேங்குதே சார்" என்பீர்கள். அது வேறு நோய். நெருக்கமான பேட்டர்னை வரைய நேரம் பிடிக்கும். அந்த லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டு வேலை பாருங்கள். பி.டி.எஃப். பெருத்தால் மட்டும் ஸ்கேலைக் கூட்டுங்கள், அங்கே கோடுகள் உள்ளபடியே போகும்.

ஹேட்சை எடுத்து அனுப்பிய வரைபடம் யாரிடமாவது இருந்தால், இன்றைக்கே திரும்பப் போட்டு மேஸ்திரிக்கு அனுப்புங்கள். நாளைக் காலையில் அவர் வேலை தொடங்கிவிடுவார்.