கடைசிப் பக்கத்துக் கோட்டு மனிதர்கள்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொம்மை வரைந்து ஆசிரியரிடம் திட்டு வாங்கியது உண்டா? அப்படித் திட்டியவர்களில் நானும் உண்டு. இன்று அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

படக்கதை என்றால் புத்தகமாக வரும் என்பது நமக்குத் தெரியும். இப்போது செல்போனிலும் கணினியிலும் படிப்பதற்கென்றே படக்கதைகள் வருகின்றன. இவற்றை 'வெப்காமிக்ஸ்' என்கிறார்கள். தென் கொரியாவில் 'வெப்டூன்' என்று பெயர். அதில் பக்கம் புரட்டும் வேலையே இல்லை. விரலால் தள்ளத் தள்ள, கிணற்றுக் கயிறு போலக் கதை கீழே இறங்கிக்கொண்டே போகும். அடுத்த படத்தில் என்ன இருக்கும் என்ற ஆவலே பாதிச் சுவை! இந்த ஆவல் இன்று பெரிய வணிகமாகவும் வளர்ந்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம், வெப்டூன் வெளியிடும் ஒரு நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலேயே இடம் பிடித்தது.

சரி, இவற்றை வரைபவர்கள் எல்லோரும் பெரிய ஓவியர்களா? இல்லை!

அமெரிக்காவைச் சேர்ந்த ராண்டல் மன்றோ இயற்பியல் படித்தவர். நாசாவில் வேலை பார்த்தவர். தம் நோட்டுகளில் கிறுக்கி வைத்திருந்த படங்களை 2005-ம் ஆண்டு இணையத்தில் ஏற்றினார். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்குச் சில கோடுகள். கண், மூக்குகூடக் கிடையாது. ஆனால் அந்தக் கோட்டு மனிதர்கள் அறிவியலையும் கணக்கையும் வைத்துச் சிரிக்க வைத்தார்கள். 2013-ம் ஆண்டு 'டைம்' என்ற ஒரே கதையை 3,000-க்கும் அதிகமான படங்களாக, நான்கு மாதம் சிறிது சிறிதாக வெளியிட்டார். அதற்கு 2014-ம் ஆண்டு ஹ்யூகோ விருது கிடைத்தது.

ஜப்பானில் 'ஒன்' என்ற புனைபெயர் கொண்டவர், 2009-ம் ஆண்டு 'ஒன் பஞ்ச் மேன்' கதையைத் தொடங்கினார். எதிரியை ஒரே குத்தில் வீழ்த்தும் வீரனுக்கு வெற்றியே சலித்துப் போகிறது! படங்கள் கரடுமுரடாகத்தான் இருந்தன. கதையில் மயங்கிய தேர்ந்த ஓவியர் யூசுகே முராட்டா, தாமே முன்வந்து அதைப் புதிதாக வரைந்தார். அது 2012 முதல் வெளிவந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இணையத்தின் வாசலில் காவலர் இல்லை. கோணல் கோடும் உள்ளே நுழையலாம். கதை நன்றாக இருந்தால் வாசகர் தேடி வருவார்.

ஆனால் காவலர் இல்லாத வீட்டில் திருட்டும் எளிது. ஒருவர் கண்விழித்து வரைந்த படத்தின் ஓரத்தில் உள்ள பெயரை வெட்டிவிட்டு, இன்னொருவர் பரப்பிவிடுகிறார். இலவசமாகக் கிடைப்பதால் அதற்கு உரியவர் இல்லை என்று ஆகிவிடுமா? மன்றோ தம் படங்களைப் பிறர் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கிறார். வரைந்தவர் யார் என்று சொல்ல வேண்டும், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. உங்கள் விடைத்தாளில் பக்கத்து மாணவன் தன் பெயரை எழுதினால் சும்மா இருப்பீர்களா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் யார், எங்கே. இரண்டில் ஒரு சிக்கல். மூன்றில் அது பெரிதாகட்டும். நான்கில் எதிர்பாராத முடிவு. ஓரத்தில் உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள். இணையத்தில் ஏற்றுவதானால் பெற்றோரைக் கேட்டுச் செய்யுங்கள். அங்கே புனைபெயரே போதும். பள்ளி, முகவரி வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் மூன்று கட்டம் வரைந்திருந்தான். நான் நோட்டைப் பிடுங்கிவிட்டேன். நான்காவது கட்டத்தில் என்ன வந்திருக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.