நுரையும் தலைவிதியும்

"வேலை வேண்டுமா, நல்ல தண்ணீர் வேண்டுமா? இரண்டில் ஒன்றைக் கேள்!" இப்படியொரு தத்துவத்தை நாட்டிலே பரப்பி வருகின்றனர் கனவான்கள் சிலர். கடலிலே எண்ணெய்க் கிணறு தோண்டக் கிளம்புவோர் மீனவரிடம் பாடும் பாட்டும் இதுதான். ஓசூர் எல்லையிலே உழவரிடம் ஓதப்படும் உபதேசமும் இதுதான்!

ஓசூரை வாழவைத்தது தொழில். மறுப்பாரில்லை. 1971இல் தோன்றிய சிப்காட், வானம் பார்த்த பூமியிலே தொழிற்பேட்டை கண்டது. சரக்கு வண்டியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் அங்கே உருவாயின. ஏர் பிடித்தவன் மகன் எந்திரம் பிடித்தான். குலத்தொழில் எனும் கொடுவிலங்கை உடைத்த ஆலையை நாம் வெறுப்போமா? வரவேற்றோம், வரவேற்கிறோம்!

ஆனால், கெலவரப்பள்ளி அணையைக் காணுங்கள், தோழர்களே! நந்தி மலையிலே பிறக்கும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் பெங்களூர்க் கழிவைச் சுமந்து, கொடியாளத்தருகே தமிழகம் புகுகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் மலைமலையாய் வெண்ணுரை! பாற்கடலா அது? பரந்தாமன் பள்ளிகொள்ள வந்த இடமா? அல்ல! சாக்கடையும் சலவைத்தூளும் ஆலைக் கழிவும் கலந்த நீர், விழுந்து கலங்குவதால் பொங்கும் நுரை. அந்த நீர்தான் கால்வாய் வழியே வயலுக்கும் பாய்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றியே எரிந்தது. புராணத்திலே படித்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்போம்!

பழி முழுவதையும் கருநாடகத்தின் மேல் போட்டுக் கைகழுவலாமா? கூடாது. ஓசூர் நகரின் சாக்கடையும் நம் ஏரிகளைத் தேடியே ஓடுகிறது. கழிவுக்கு மொழியில்லை, எல்லைக்கல்லும் தெரியாது. நம் முற்றத்தைக் கூட்டாமல் அடுத்த வீட்டைக் கேட்க நமக்கேது உரிமை?

அன்று 'தலைவிதி' என்றான் புரோகிதன். இன்று 'வளர்ச்சியின் விலை' என்கிறான் முதலாளி. பெயர் புதிது, பித்தலாட்டம் பழையது! கழிவைச் சுத்திகரிக்கும் கருவி உண்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதலே உண்டு. இல்லாதவை, செலவிட மனமும் தட்டிக்கேட்கத் துணிவும்தான். மிச்சப்படும் பணம் ஒருவருக்கு. மிஞ்சும் நஞ்சு ஊருக்கு! சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தவும் ஆள் வேண்டுமே, அது வேலையல்லவா?

காவிரிப் படுகை உழவர் விதியென்று வாளாவிருந்தனரா? போராடினர். புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடைபோடும் வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்தது.

நாம் கேட்பதும் எளியதே. எந்த ஆலை எவ்வளவு கழிவை விடுகிறதென்ற கணக்கு, ஆலை வாயிலிலே தமிழில் எழுதப்படவேண்டும். கொடியாளத்திலே இரு மாநிலத்தாரும் கூடி நீரைச் சோதித்து, முடிவை ஊரறியச் சொல்லவேண்டும்.

தொழிலும் வேண்டும், தூய நீரும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கேள் என்பவனிடம், இரண்டும் எம் உரிமை என்று சொல்லுங்கள்!